பதின்மூன்றடி

கிண்ணியாப் பாலம் தாண்டி இடப்பக்கம்
முபாரிசின் வள்ளப் பட்டறை.
ரெசின் மணம் தெருவுக்கே வந்து கூப்பிடும்.
மீனுக்குப் போகாத மூன்று வள்ளங்கள்
சில்லுப் பூட்டி, யன்னல் வெட்டி,
வெயிலில் வெள்ளையாய்க் குந்தியிருந்தன.

"எல்லாம் பைபர்தான்."
விரல் மடக்கித் தட்டிக் காட்டினான் முபாரிஸ்.
"மேலோடு ஒண்டு, கீழோடு ஒண்டு, மட்டி மாதிரி.
பொருத்து ஒரே இடம்.
ஒழுகிறதெண்டா அங்கதான் ஒழுகணும்.
தகரத்தில செய்விச்சவன் மூணாம் வருசம்
உள்பலகை உக்கி என்னட்டதான் வருவான்.
கடல் காத்துக்கு இரும்பெண்டா கற்கண்டு."

நல்ல வியாபாரி.
ஒழுகும் இடத்தை முதலில் சொன்னான்.

பதினேழடிக்குள் ஏறிய தவேந்திரன்
திரும்பி வரவில்லை.
குளிர்ப்பெட்டி திறந்து மூடும் சத்தம்.
கக்கூசுக் கதவு. மறுபடி குளிர்ப்பெட்டி.
இருபத்தெட்டு வருசம் துறைமுகத்தில்
பாரந்தூக்கி ஓட்டிய மனுசன்,
எங்கள் டபுள்கெப்பின் வயதை மறந்துபோனார்.
"உவர்மலை ஏத்தத்தில
இது உங்கட வாகனத்தைப் பின்னால இழுத்துக்கொண்டு போகும்"
என்றான் முபாரிஸ், என்னிடம், மெல்ல.

பத்தடியில் நின்றால் தலை இடித்தது.
இருந்தால் முழங்கால்.
படுத்தால் இரண்டு பேருக்கு இடமிருந்தது,
கோபித்துக்கொள்ளாத இரண்டு பேருக்கு.

பிறகு அவன் கேட்கத் தொடங்கினான்.
எத்தனை ராத்திரி? குச்சவெளியா, வெருகலா?
மணலா, கிரவலா? வாடைக்கும் போவீங்களா?
ஆர் சமைக்கிறது?
கடைசிக் கேள்விக்கு
நானும், உள்ளேயிருந்து தவேந்திரனும்
ஒரே நேரத்தில் பதில் சொன்னோம்.
வேறு வேறு பதில்.

நான் பூநாரை எண்ணுகிறவள்.
புல்மோட்டைக்கு அங்கால களப்பில்
விடியமுன் நிற்கவேண்டும், மூன்று மாதம், கிழமைக்கு இரண்டு நாள்.
"அதுக்கு ஒரு கூடாரம் காணுமே அக்கா, மலிவு"
என்றான் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த பொடியன்.
அவனுக்குப் பத்தொன்பது இருக்கும்.

பதினான்கு மாதம் நீலத் தறப்பாளுக்குக் கீழே படுத்திருக்கிறேன் தம்பி.
அதற்கும் பெயர் முகாம்தான்.
இப்போது காசு கொடுத்துப் போய்ப் படுக்கப் போவதற்கும்
முகாம்தான்.
வேறொரு சொல் செய்துவைக்க
ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.
அங்கே கதவில்லை.
ஓரத்தைத் தூக்கினால் திறக்கும்.
ஆரும் தூக்கலாம்.

இதைச் சொல்லவில்லை.
"பதின்மூன்றடி" என்றேன்.
"கொண்டி உள்ளுக்குப் போடவேணும்."
"பூட்டிருக்கே அக்கா, வெளியால, ரெண்டு திறப்போட…"
"உள்ளுக்கு."

தவேந்திரன் அப்போதுதான் இறங்கினார்.
என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.
பதினேழடியின் கதவை
நித்திரைப் பிள்ளையின் அறைக் கதவுபோலச் சாத்தினார்.

சித்திரைக் கடைசியில் தண்ணிச் சோதனை.
பொருத்தில் கைவைத்துப் பார்க்க
உள்ளே ஒராள் இருக்கவேண்டுமாம்.
நான் ஏறினேன்.
பித்தளைக் கொண்டி, என் சின்னவிரல் தடிப்பு.
போட்டேன்.

மோட்டர் உறுமியது.
மார்கழி முழுவதையும் குழாயால்
பத்து நிமிடத்தில் கொட்டினார்கள்.
ஓடு முழுக்க இரைச்சல்.
பொருத்து நீளத்துக்கும் விரலை ஓட்டினேன்.
வலது யன்னல் மூலையில் ஒரு துளி.
ஒன்றே ஒன்று.
பென்சிலால் வட்டம் போட்டேன்.

தண்ணீர் நின்றது.
"ஒழுகுதோ?" தவேந்திரன் தட்டினார்.

கட்டில் பலகையில் காலை நீட்டிப் பார்த்தேன்.
மெத்தை இன்னும் வரவில்லை.
கால் முட்டவில்லை.

மறுபடி தட்டினார், முதல் தரத்தைவிட மெதுவாக.

"இன்னும் கொஞ்சம் அடிக்கச் சொல்லுங்கோ" என்றேன்.